உழைப்பும் உடைமையும்

1867ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் முதற்பாகத்தில், தொழிலாளியின் வேலைநாளைப் பற்றி மட்டும் நீண்டதோர் இயல் உண்டு. பண்டம், மதிப்பு என்னும் கடினமான கோட்பாடுகளினூடே நடந்து களைத்த வாசகர், அங்கே இங்கிலாந்தின் நூலாலைகளை நேரிற் காண்கிறார். 1849ஆம் ஆண்டு முதல் இலண்டனில் அகதியாய் வாழ்ந்த காரல் மார்க்ஸ், ஆலை ஆய்வாளர்கள் அரசுக்கு அளித்த அறிக்கைகளை ஊன்றிப் படித்தவர். அவ்வாய்வாளருள் ஒருவரான லெனர்டு ஹார்னரை அவர் தம் நூலில் மனமாரப் போற்றியுள்ளார். அரசு என்பது முதலாளிகளின் கருவியே என்று எழுதியவர், அவ்வரசின் ஊழியர் ஒருவரைப் புகழ்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தொழிலாளி விற்பது உழைப்பை அன்று, உழைக்கும் ஆற்றலை என்றார் மார்க்ஸ். அவ்வாற்றலின் விலைக்கு ஈடான மதிப்பை அவன் நாளின் ஒரு பகுதியிலேயே உண்டாக்கிவிடுகிறான். எஞ்சிய நேரத்தில் அவன் படைக்கும் உபரி மதிப்பு ஆலை உடையவனைச் சேர்கிறது. ஆகவே வேலைநேரத்தின் நீளமே இரு வகுப்பாரின் போர்க்களமாயிற்று. நூலாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வரம்பு விதித்த 1847ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் தொழிலாளரின் வெற்றியாகவே கொண்டாடினார். உடையாரும் இல்லாரும் என்று சமுதாயம் மேன்மேலும் பிளவுறும். முடிவில் உழைப்போர் ஆலைகளைத் தமதாக்கிக்கொள்வர் என்பது அவர் எதிர்பார்ப்பு.

முதல் மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே எழுந்தது எனலாம். ஏங்கல்ஸின் நெருங்கிய நண்பரான எட்வர்டு பெர்ன்ஸ்டைன், நடுத்தர மக்கள் மறைந்துவிடவில்லை, பங்குதாரர் தொகை பெருகுகிறது என்று 1899இல் எழுதினார். ரோசா லக்சம்பர்க் அதைக் கடுமையாக எதிர்த்தார். மாக்ஸ் வேபரோ, உடைமையோடு சமூக மதிப்பும் மக்களை வகைப்படுத்துகிறது என்றார். ஒரே கூலி பெறும் இருவர் ஒரே பந்தியில் அமர மறுப்பதைக் கண்டவர்க்கு இது புதுச்செய்தி அன்று.

இவை வகுப்புகளின் எண்ணிக்கையையும் எல்லையையும் பற்றிய வாதங்கள். உழைப்பையே பற்றிய வினா ஓர் ஆசிரியையிடமிருந்து வந்தது.

1909இல் பாரிசில் பிறந்த சீமோன் வெய்ல், பெண்கள் பள்ளிகளில் மெய்யியல் கற்பித்தவர். 1934இல் அவர் நீண்ட கட்டுரையொன்று வரைந்தார். ஆலையின் உரிமையாளர் மாறினால் அடிமைத்தனம் ஒழியுமா என்பதே அதன் உயிர்வினா. திட்டமிடுவோர் ஒருபுறமும் கையை மட்டும் அசைப்போர் மறுபுறமும் நிற்குமளவும், முதலாளி போன இடத்தில் அதிகாரி வந்து அமர்வான் என்று அவர் கருதினார். இது வெறும் ஐயமன்று. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளந்த அமெரிக்கர் டெய்லரின் முறையை, முன்னர்ப் பழித்த லெனினே 1918இல் சோவியத்து ஆலைகளுக்குப் பரிந்துரைத்திருந்தார்.

எழுதியதோடு அவர் அமையவில்லை. விடுப்புப் பெற்று, 1934 டிசம்பரில் பாரிசில் மின்கருவி செய்யும் ஆலையொன்றில் கூலியாய்ச் சேர்ந்தார். பின்னர் ரெனோ மோட்டார் ஆலையிலும் பணிபுரிந்தார். ஓயாத தலைவலியுடையவர்; கைத்திறனும் குறைவு. செய்து முடித்த உருப்படிக்கே கூலி என்பதால், விரைவு போதாமல் பலநாள் அவர் கூலி தேய்ந்தது. உலையருகே நின்று கைகளைச் சுட்டுக்கொண்டார். நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தவை நெஞ்சை உலுக்குவன. கொடுமை தம்முள் கிளர்ச்சியை எழுப்பும் என எண்ணிச் சென்றவர், எழுந்தது பணிவே என்று கண்டார். ஒருநாள் பேருந்தில் ஏறுகையில், அடிமையாகிய தமக்கு ஏனையோரைப்போல் இதில் ஏற உரிமை உண்டா என்று வியந்து நின்றாராம். துன்பம் முற்றினால் புரட்சி முளைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதனினும் கூரிய மறுப்பை நூலறிவு மட்டும் தந்திருக்க முடியாது.

ஆயினும் அவர் கண்டது முழு உண்மை அன்று. 1936 ஜூனில் பிரான்சு முழுவதும் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். சீமோன், தாம் முன்னர் உழைத்த ஆலைக்குச் சென்றார். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன, பாட்டும் சிரிப்பும் கேட்டன. தலைநிமிர்ந்து நிற்பதன் மகிழ்ச்சியே அது என்று அவர் எழுதினார். அவ்வாண்டே நாற்பது மணி நேர வாரமும் இரு வாரச் சம்பள விடுமுறையும் சட்டமாயின. மார்க்ஸ் இருந்திருப்பின் 1847ஐ நினைவுகூர்ந்திருப்பார்.

சீமோன் 1943இல் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை. செப்புக் கொல்லராய்த் தொழில் கற்ற அமெரிக்கர் ஹாரி பிரேவர்மேன், மார்க்சின் வழிநின்றே, இயந்திர யுகம் தொழிலாளியின் திறனைப் பறிப்பதை 1974இல் விரித்துரைத்தார். அலுவலக எழுத்தர்களும் அதற்குத் தப்பவில்லை என்றார். சோவியத்து ஆலைகள் முதலாளித்துவ ஆலைகளின் நகலாயின என்பதையும் மறைக்கவில்லை.

ஆறாண்டுகள் கழித்து, போலந்தின் கிடான்ஸ்க் நகரில் லெனின் பெயர் தாங்கிய கப்பல் கட்டும் துறையில், பாரந்தூக்கி இயக்கிய அன்னா வாலென்டினோவிச் என்னும் பெண்மணி வேலையினின்று நீக்கப்பட்டார். 1980 ஆகஸ்டு 14ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அங்கே முதலாளி எவருமில்லை. துறைமுழுதும் தொழிலாளர் அரசுக்கே உடைமை. இருபத்தொரு கோரிக்கைகளைப் பலகையில் எழுதி வாயிலில் தொங்கவிட்டனர். அவற்றுள் முதலாவது, கட்சிக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத சுதந்திரத் தொழிற்சங்கம் வேண்டும் என்பது.