துவர் ஏறிய வலை: முயல் வலையும் மீன் வலையும் பிரிந்த வரலாறு

மீன் வலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் மீன்வளத் துறையின் அறிக்கைகளைப் புரட்டுகின்றனர். முயல் வலையின் வரலாற்றை எழுதப் புகுவோரோ காலனியச் சாதித் தொகுப்புகளையும் காவல் சட்டங்களையும் புரட்ட வேண்டியுள்ளது. இரண்டும் ஒரே வகை நாரால் திரிக்கப்பட்டவை. ஒரே வகை முடிச்சால் பின்னப்பட்டவை. ஒரே வகை மரச்சாறு ஊட்டப்பட்டவை. ஆவணத்தில் மட்டும் ஒன்று தொழிற்கருவியாகவும் மற்றொன்று குற்றச் சான்றாகவும் நின்றுவிட்டது. இப்பிரிவைப் புரிந்துகொள்ள வலைக்கு ஏற்றப்பட்ட சாயத்திலிருந்து தொடங்குவது பயன்தரும். அச்சாயத்தின் பாதை தமிழர் மிகுதியாக வாழும் மும்பையின் கழிக்கரை வழியாகவும் செல்கிறது.

1970இல் சிட்கோ நிறுவப்பட்டு, 95 கிராமங்களின் நிலப்பரப்பில் நவி மும்பை திட்டமிடப்படுவதற்கு முன், வாஷி என்பது தாணே கழியின் கிழக்குக் கரையில் கோலிகளும் ஆக்ரிகளும் வாழ்ந்த ஊர். மீன்பிடிப்பு, உப்பளம், நெல்வயல் ஆகியவை அப்பகுதியின் வாழ்வாதாரங்கள். கிழக்கே மலைக்காடுகளில் கதோடிகள் அல்லது காத்கரிகள் எனப்படும் பழங்குடியினர் வாழ்ந்தனர். அவர்களது பெயரே ‘காத்’ என்னும் பொருளிலிருந்து வந்தது. தமிழில் அது காசுக்கட்டி. வெற்றிலையோடு மெல்லப்படும் அதே பொருள். கைர் என மராத்தியில் வழங்கும் கருங்காலி வகை மரத்தின் வைரத்தைச் சிறு சிறாக்கி, நீரில் நெடுநேரம் காய்ச்சி, வடித்துச் சுண்டவைத்தால் அது கிடைக்கும். 1563இல் கோவாவில் அச்சான தமது நூலில் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இப்பொருளை ஆராய்கிறார். பம்பாய்த் தீவே ஒரு காலத்தில் அவரது குத்தகையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான காசுக்கட்டி, அங்கு மீனவரின் பாய்களுக்கும் வலைகளுக்கும் செம்பழுப்பு நிறம் தந்தது.

நிறம் என்று இங்குக் குறிப்பிடுவது ஓரளவு தவறான வழக்கு. வலைக்குச் சாயம் ஏற்றியதன் முதல் நோக்கம் அழகன்று, நாரைக் காப்பதே. சணப்பு, பருத்தி போன்ற நார்கள் ஈரத்தில் பூஞ்சையாலும் நுண்ணுயிர்களாலும் சிதைகின்றன. மரப்பட்டையிலும் வைரத்திலும் உள்ள துவர்ப்புப் பொருள் அச்சிதைவைத் தாமதப்படுத்துகிறது. தோல் பதனிடுதலின் அடிப்படையும் இதே துவர்ப்புப் பொருள்தான். தென்னிந்தியத் தோல் பதனிடுவோர் நெடுங்காலம் நம்பியிருந்த ஆவாரம்பட்டை இவ்வகையைச் சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குப் புலம்பெயர்ந்த தோல் தொழிலாளரும் அதே தாராவியின் கோலிவாடாவில் வலை உலர்த்திய மீனவரும் ஒரே வேதியியலின் இரு கிளைகளில் உழைத்தனர் எனலாம்.

தமிழ்மொழி இவ்வறிவைத் தன் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘துவர்’ என்பது சுவையையும் குறிக்கும், செந்நிறத்தையும் குறிக்கும். பௌத்தத் துறவியரின் காவியுடை ‘துவராடை’ எனப்பட்டது. சிலப்பதிகார உரைமரபு எண்ணும் ‘பத்துத் துவர்’ வரிசையில் பூவந்தி, திரிபலை, நாவல் முதலியவற்றோடு கருங்காலியும் உண்டு. நாக்கு உணரும் துவர்ப்பும் துணியில் ஏறும் சிவப்பும் ஒரே பொருளின் இரு விளைவுகள் என்பதைக் கைத்தொழிலாளர் அறிந்திருந்தனர். அகராதி அதனைப் பின்னரே பதிவுசெய்தது.

முயல் வலையில் இச்சாயத்திற்கு இரண்டாவது பணியும் உண்டு. புதிய சணப்பு நார் வெளிறியது. புதர்களுக்கிடையே எளிதில் புலப்படுவது. துவர் ஏறிய வலை மண்ணோடும் காய்ந்த புல்லோடும் கலந்துவிடும். தண்டுகளை நீரில் ஊறவைத்து, அடித்து உரித்து, உலர்த்திய நாரைத் தொடையில் வைத்துத் திரித்து, இரு புரிகளை எதிர்முறுக்கில் சேர்த்தால் நூல் உருவாகும். கண்ணளவு மாறாதிருக்க ஒரு மூங்கில் பட்டையின் மீது சுற்றி முடியிடுவர். தலை நுழைய வேண்டும், உடல் நுழையக் கூடாது என்பதே கண்ணின் கணக்கு. வலையை இழுத்துக் கட்டினால் முயல் மோதித் திரும்பிவிடும். ஆகவே மெல்லிய குச்சிகளில் தளர்வாகத் தொங்கவிடுவர். மோதிய வேகத்தில் குச்சி சாய, தளர்ந்த வலை முயலைச் சுற்றிக்கொள்ளும். நம் நாட்டு முயல் வளை தோண்டி வாழ்வதன்று. ஆகவே வளைவாயை மூடும் ஐரோப்பியப் பை வலை இங்குப் பொருந்தாது. ஓட்டப் பாதையை மறிக்கும் நெடுவலையே வேண்டும்.

கிரேக்கத்தில் செனபோன் தமது வேட்டை நூலில் முயல் வலைகளுக்கு நூலெண்ணிக்கையே குறித்துத் தருகிறார்: பை வலைக்கு 9 இழை, பாதை வலைக்கு 12, நெடுவலைக்கு 16. முயலின் பார்வை கூர்மையற்றது என்றும் எழுதுகிறார். ஏதென்ஸில் இது உயர்குடி இளைஞருக்கான பாடமாக இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

தமிழில் பெரும்பாணாற்றுப்படை இவ்வேட்டையைத் தெளிவாகக் காட்டுகிறது. கானவர் நாய்களோடு சென்று, புதர்களை அடித்துக் கலைத்து, வேலி போலத் தொடர் வலைகளை மாட்டி, நெடுஞ்செவிக் குறுமுயல்களைப் போக்கற வளைக்கின்றனர். முயலின் காதுக்குத் தாமரையின் புறவிதழை உவமையாக்குகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதே பாட்டில் மீன்பிடிக்கும் வலைஞரின் குடியிருப்பும் வருகிறது. பாணன் இரு குடிகளிலும் விருந்துண்ணலாம். ஒன்றை மற்றொன்றினும் இழிந்ததாக அவன் கருதவில்லை.

இவ்விரு குடிகளையும் இரு வேறு அலமாரிகளில் வைத்தது காலனிய நிர்வாகமே. மீன் வலை பொருளாதாரத்தின் பக்கம் சென்றது. ராயிலின் இந்திய நார்த் தாவரங்கள் பற்றிய 1855ஆம் ஆண்டு நூலும், பின்னர் ஜார்ஜ் வாட்டின் பொருளியல் அகராதியும் சணப்பை வணிகப் பொருளாக அளந்தன. சென்னை மாகாண மீன்பிடி முறைகளை ஜேம்ஸ் ஹார்னெல் தனி அறிக்கைகளாக எழுதினார். வேட்டை வலையோ சாதியின் பக்கம் ஒதுக்கப்பட்டது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் வலையர் என்னும் பெயர் வேட்டை வலையைக் கொண்டே விளக்கப்பட்டது. அவ்வலையின் நூல் எது, சாயம் எது என்று கேட்பதில் இனவரைவியலாளர் ஆர்வம் காட்டவில்லை. திருமணச் சடங்குகளே அவர்களுக்குச் சுவையான செய்தி.

அடுத்த படி இன்னும் கடுமையானது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. வலையர் சில மாவட்டங்களில் அதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். இன்றைய சீர்மரபினர் பட்டியலில் மாவட்டப் பெயர்களோடு அவர்கள் இடம்பெறுவது அதன் எச்சம். மேற்கே, கண்ணியைக் குறிக்கும் ‘பாஸ்’ என்னும் சொல்லால் பெயர்பெற்ற பாஸே பார்திகளும் அதே சட்டத்தில் சிக்கினர். கண்ணியும் வலையும் தொழிலின் அடையாளமாக இருந்தது போய், ஐயத்தின் அடையாளமாயின. சென்னையில் 1947இலும் பம்பாயில் 1949இலும் நாடெங்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. இருபது ஆண்டுகளில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்ற சிறுவேட்டைக்கும் இடமின்றிச் செய்தது. முயலினத்தைக் காப்பது நியாயமே. ஆனால் தடை எய்தியவரின் கையில் இருந்த தாவர அறிவுக்கு எந்த நிறுவனமும் மாற்றிடம் தரவில்லை. காத்கரிகளின் கதையும் வேறன்று. 1878ஆம் ஆண்டின் வனச்சட்டத்திற்குப் பின் கைர் மரம் அவர்கள் கையைவிட்டு நழுவ, கரிச்சூளைக்கும் செங்கற்சூளைக்கும் கூலிகளாயினர். இன்று மகாராஷ்டிரத்தின் மிக நலிந்த பழங்குடிப் பிரிவுகளுள் ஒன்றாக அவர்கள் எண்ணப்படுகின்றனர்.

மீன் வலையிலும் துவர் இப்போது இல்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து நைலான் பரவியதும் சாயம் காய்ச்சும் வேலை ஒழிந்தது, நைலான் அழுகுவதில்லை. ஆயினும் அங்கு மாற்றம் கூட்டுறவுச் சங்கம், மானியம், ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு நிகழ்ந்தது. எதை எதனால் மாற்றினார்கள் என்பதற்கு எழுத்து உண்டு.

முயல் வலைக்கு வாய்மொழியே எஞ்சியுள்ளது. அதைச் சேகரிப்பதில் ஓர் இடர் உண்டு. எந்தப் பட்டையை இடித்தீர்கள், எத்தனை இரவு ஊறவைத்தீர்கள், எந்தப் பருவத்தில் மறுசாயம் ஏற்றினீர்கள் என்று ஒரு முதியவரிடம் கேட்பது, சட்டத்தின் கண்ணில் ஒரு குற்றத்தைப் பற்றிய வாக்குமூலத்தைக் கேட்பதாகும். கேட்பவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் என்பதால் மட்டும் அவருக்கு நம்பிக்கை பிறந்துவிடாது. குறிப்பேட்டோடு வந்தவர்களை அவரது பாட்டனாரும் பார்த்திருக்கிறார். பெயரையும் ஊரையும் விலக்கி, நார், புரி, கண்ணளவு, பட்டை, ஊறல் காலம் ஆகியவற்றை மட்டும் பதியும் முறை கள ஆய்வில் இங்கு முதல் தேவை.