செக்ரோலும் கட்டிப்பாலும்

மலாயாவின் புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநாள் பெரட்டில் தொடங்கியது. விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்க, மேற்பார்வை பார்க்கும் கங்காணியோ தண்டலோ பெயர் கூப்பிட, எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். மாதக் கடைசியில் அந்தக் கட்டங்களே சம்பளமாயின. டிவிஷன் கணக்கு தோட்ட ஆபீசுக்குப் போகும். மலாயாவின் பெரிய தோட்டங்கள் பலவற்றில் அங்கிருந்து ஏஜென்சி கம்பெனிக்கும், அதன் வழியே லண்டனுக்கும் சென்றது.

வழியெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சிக்கல், ஒரு பதிவை எந்த இடத்தில் முடிப்பது என்பதில். மரம் சீவிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தால் அது முழு நாளா, அரை நாளா? பாலிலும் இதே கேள்வி. சீவிய சில மணி நேரத்தில் மரத்தில் கட்டிய கிண்ணங்களான மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அளந்து, மெட்ரோலாக் விட்டுப் பார்த்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று எழுதுவார்கள். மரம் அதோடு நிற்பதில்லை. பிறகும் சொட்டிய பால் மங்கிலேயே உறைந்துவிடும். அடுத்த முறை சீவ வரும்போதுதான் அதைப் பிடுங்கி எடுக்க முடியும். முன்பு வடிந்தது பின்னொரு நாளின் கணக்கில், கட்டிப்பால் என்று தனியாக ஏறும்.

ஒரு பதிவு முடியும் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் பலருடைய பிழைப்பு இருந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி தன் கட்டத்தில் என்ன விழுந்தது என்று சரிபார்ப்பது எளிதல்ல. கணக்கில் யாருடைய உழைப்பு இருந்ததோ, அவர் கைக்கே எட்டாத கணக்கு அது, அநியாயமான ஏற்பாடு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. செக்ரோல் அவற்றுக்குப் பிறகும் நீடித்தது.

கணினிக்கும் ஒரு செக்ரோல் வந்தது. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதிய, நிகழ்வுகளைப் பதியும் சிஸ்லாக் அது. தொடக்கத்தில் யுடிபி என்ற வலைப்பின்னல் நெறிமுறை வழியே ஒரு பொட்டலத்துக்கு ஒரு பதிவு. எல்லை தானாகவே அமைந்தது. டிசிபி என்ற இன்னொரு நெறிமுறைக்கு மாறியதும் பைட்டுகள் இடைவெளியின்றி ஓடின. வரி முடிந்தால் பதிவும் முடிந்தது என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் ஜாவா நிரலின் ஒரே பிழைச் செய்தி நாற்பது வரி நீண்டால், நாற்பது பதிவுகளாகச் சிதறியது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதும் முறையை 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6587 என்ற இணைய ஆவணம் விவரித்தது.

பதிவுகளைச் சேகரித்து அனுப்பும் இன்றைய மென்பொருள்களில், தேதியோடு தொடங்கும் வரி புதிய பதிவு, மற்றவை முந்தியதன் தொடர்ச்சி என்று விதி எழுதலாம். கடைசி வரிக்குப் பிறகு இன்னும் ஏதாவது வருமா என்று அவை சில நொடி காத்திருந்துவிட்டுப் பதிவை மூடும். அதற்கும் பின்னால் வரும் வரி, மங்கில் தங்கிய கட்டிப்பாலைப் போலத் தனியாக நிற்கும்.