‘கூலி’: பொருளும் வரலாறும் வழக்கும்

ஜொகூர் பாருவில் தாலிக்கொடி வாங்கப் போகிறவர் “செய்கூலி எவ்வளவு?” என்று கேட்கக் கூச்சப்படுவதில்லை. வீடு மாறும்போது லாரிக்காரரிடம் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி பேசுகிறோம். தையல் கடையில் தையல்கூலி கொடுக்கிறோம். இந்த இடங்களில் எல்லாம் அது கணக்குப் பார்க்கும் சாதாரணச் சொல். ஆனால் அதே சொல்லால் ஒரு மனிதரைக் குறிப்பிட்டால், குறிப்பாகத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் காதில் விழும்படி சொன்னால், அவர் முகம் மாறிவிடும்.

ஒரே சொல்லுக்கு ஏன் இந்த இரண்டு முகங்கள்? காரணம், அந்தச் சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், உலகைச் சுற்றி, வேறு பொருளோடு நம்மிடமே திரும்பி வந்தது.

தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். அது ஆளைக் குறிக்காது. ஆளுக்குக் கூலியாள், கூலிக்காரர் என்ற தனிச்சொற்கள் உண்டு. திருக்குறளின் 619ஆம் குறளில் முயற்சிக்குக் கிடைக்கும் பலன் என்ற உயர்ந்த பொருளில் இச்சொல் வருகிறது. பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலில் வந்திக் கிழவிக்காக வைகைக் கரையில் கூலியாளாக வந்து நிற்பவர் சிவபெருமானே. கூலி வாங்கி வேலை செய்வது இழிவு என்ற எண்ணம் இந்தச் சொல்லின் வேரில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. மலையாளம், கன்னடம், தெலுங்கு மொழிகளிலும் இது ஊதியம் என்ற பொருளில் வழங்குகிறது.

பிற்கால வழக்கில் சில நிறங்கள் கூடின. பணத்துக்காக யார் பக்கமும் சண்டை போடுபவர்கள் கூலிப்படை. மறைவாகக் காசு வாங்கிக்கொண்டு அந்நியருக்கு வேலை செய்பவன் கைக்கூலி. இலங்கை முஸ்லிம்களிடையே கைக்கூலி என்றால் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வரதட்சணைப் பணம். மனம் ஒட்டாமல் வேலை செய்பவரைக் கூலிக்கு மாரடிக்கிறார் என்கிறோம். ஒப்பாரிக்கு ஆள் வைத்து மார்பில் அடித்து அழச் செய்த பழக்கத்திலிருந்து வந்த தொடர் அது.

ஆங்கிலத்துக்கு இது எப்படிப் போனது என்பதில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. நம்மவர்கள் பலர் ‘இது தமிழ்ச் சொல், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அகராதியாளர்கள் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வதில்லை. குஜராத், கொங்கணக் கரைகளில் வாழும் கோலி என்ற சமூகத்தின் பெயரே மூலம் என்பது ஒரு கருத்து. 16ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையில் கால் ஊன்றிய போர்த்துகீசியர், அங்கே சுமை தூக்கிய அம்மக்களின் பெயரைப் பொதுவாக எல்லாச் சுமையாளுக்கும் வைத்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இந்தப் பக்கம் சாய்ந்தாலும், தமிழ்க் கூலியையும் விடாமல் குறிப்பிடுகிறது. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற சொல்லையும் சிலர் கொண்டுவருவார்கள்.

மேற்குக் கரையில் கோலி, கிழக்குக் கரையில் கூலி. கப்பல்காரர்கள் இரண்டு கரைகளிலும் வியாபாரம் செய்தவர்கள். இரண்டும் கலந்து ஒன்றானது என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. சமூகப் பெயரிலிருந்து ‘ஆள்’ வந்தது. தமிழிலிருந்து ‘சம்பளத்துக்கு’ என்பது வந்தது.

தமிழ் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று ஒன்று படித்திருப்போம். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் கூலிக்கு நேர்ந்ததும் அதுதான். வாங்கும் காசின் பெயர் வாங்குகிறவருக்கு ஆனது. ஆனால் இந்த ஆகுபெயரில் ஆள் காணாமல் போனார், காசு மட்டும் மிஞ்சியது.

அந்தப் பொருளுக்குப் பெரிய சந்தை கிடைத்தது 1834க்குப் பிறகு. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரிஷியஸ், கயானா, டிரினிடாட், நேட்டால், ஃபிஜி என்று ஒப்பந்தத்தின் பேரில் இந்தியர்கள் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். சீனர்கள் கியூபாவுக்கும் பெருவுக்கும் போனார்கள். எல்லாருக்கும் ஒரே பெயர். சீனர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதியபோது ஒலிக்கும் பொருளுக்கும் சேர்த்து இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள்: முதலாவது ‘கசப்பு’, இரண்டாவது ‘உழைப்புச் சக்தி’. இவ்வளவு சரியாகப் பொருந்தியதால் இதைச் சீனச் சொல் என்றே நம்புகிறவர்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு. 1862இல் கலிபோர்னியாவில் சீனத் தொழிலாளர்களுக்கு எதிராக வந்த வரிச் சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. டச்சுக்காரர்கள் சுமத்ராவின் டெலி தோட்டங்களுக்காக 1880இல் போட்ட சட்டமும் அப்படித்தான். அச்சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை விதிக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இது சுமை தூக்குபவரைத் தாண்டி, இந்தியர் என்பதற்கே மறுபெயராயிற்று. சட்டம் படித்து வந்த காந்தியையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் அங்கே அழைத்தார்கள். அந்த நாட்டில் இன்றும் இது வாய்விட்டுச் சொல்லக்கூடாத வசைச்சொல்.

ஜொகூருக்கு வருவோம். இங்கே முதலில் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் சீனர்கள். கம்பீர், மிளகுத் தோட்டங்களில் கங்சூ எனப்படும் ஆற்றுத் தலைவர்களின் கீழ் அவர்கள் உழைத்தார்கள். அந்த முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதையை ஒட்டித் தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் வெட்ட நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் தமிழர்கள் வந்தார்கள். மலாயாவில் ஒப்பந்தமுறை 1910இல் முடிவுக்கு வந்தாலும் கங்காணி முறை தொடர்ந்தது. தன் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் காசு உண்டு. தோட்ட வேலைக்கு உதவி பெற்று ஆள் வருவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும்வரை இந்த ஓட்டம் நிற்கவில்லை.

துரைமார்களின் கடிதங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் இவர்களுக்குப் பெயர் கிடையாது. எத்தனை ‘கூலிகள்’ என்ற எண்ணிக்கைதான். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் ‘கூலி லைன்’. நம் மக்கள் அதில் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் எடுத்து லயம், லயத்து வீடு என்று சொல்லிக்கொண்டார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவாக இருக்காது. ஆனாலும் தங்கள் வீட்டுக்குத் தாங்களே வைத்த பெயரில் அந்த வசையை அவர்கள் வைக்கவில்லை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு, கணக்கு எழுதும் கிராணி போன்ற தோட்டச் சொற்கள் தலைமுறைகள் தாண்டி நினைவில் நிற்கின்றன. முன்பாதி நிற்கவில்லை.

காசு விஷயத்திலும் சண்டை இருந்தது. 1920களின் கடைசியில் வசதியான பகுதிகளில் இந்திய ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று தரக்கூலி வகுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். கேட்டது கூலியை மட்டுமல்ல, ‘கூலி’ என்ற நிலையிலிருந்து விடுதலையையும்தான். 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான அமைப்பு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டது. தொழிலாளர் என்ற சொல் மேடையிலும் நாளிதழிலும் நிலைபெற்றது அந்தக் காலத்தில்தான்.

அதன்பிறகும் நாட்கூலியை விட்டு மாதச் சம்பளத்துக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் ஓடியது. தமிழில் கூலிக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் அகராதியில் சிறியது; மழை பெய்து வெட்டு நின்றுபோன வாரத்தில் அது மிகப் பெரியது.

மலாய் மொழியிலும் இந்தச் சொல் ‘குலி’ என்று இருக்கிறது; கடும் உடலுழைப்புக்குக் கூலி பெறும் ஆள் என்று பொருள். அலுவலகத்தில் வேலை செய்யும் மலாய் நண்பர் ‘நானும் குலிதான்’ என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். தன்னைச் சொல்லும்போது அது நகைச்சுவை. அடுத்தவரைச் சொன்னால் அப்படியல்ல.

வசையாக வந்த சொல்லைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி இதிலிருந்து ‘கூலிட்யூட்’ என்ற கருத்தை உருவாக்கினார். கயானாவில் பிறந்த கைத்ரா பகதூர் தன் கொள்ளுப்பாட்டியின் வாழ்க்கையைத் தேடி எழுதி 2013இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இந்தச் சொல்லைத் துணிந்து வைத்தார். மொரிஷியசில் தொழிலாளர்கள் வந்து இறங்கிய ‘கூலி காட்’ துறை மட்டும் எதிர்த் திசையில் போனது. அது ஆப்ரவாசி காட், அதாவது குடியேறிகள் துறை என்று பெயர் மாறி 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இந்திய ரயில்வே 2016 வரவுசெலவுத் திட்டத்தில் நிலையச் சுமையாளர்களைச் ‘சகாயக்’ என்று அழைக்கப்போவதாக அறிவித்தது. பயணிகள் வாயில் பழைய பெயர்தான் ஓடுகிறது. 2025இல் வந்த ரஜினிகாந்தின் ‘கூலி’ படத்தலைப்பைத் தமிழ்நாட்டு ரசிகர் கேட்பதும், லயத்தில் வளர்ந்த சிகாமட் பெரியவர் கேட்பதும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

இன்றைய எழுத்தில் ஊதியத்தைக் குறிக்கக் கூலி என்று தாராளமாக எழுதலாம். ஆளைக் குறிக்கத் தொழிலாளர், சுமையாளர், நாட்கூலித் தொழிலாளர் என எழுதுவதே முறை. ஆங்கில அகராதிகளும் இப்போது ஆளைக் குறிக்கும் பொருளுக்குப் பக்கத்தில் ‘புண்படுத்தும் சொல்’ என்று குறிப்புப் போடுகின்றன. பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் இருந்தபடியே விடுவது நல்லது. அங்கே திருத்தினால் வரலாறு பொய்யாகிவிடும்.

தாத்தா, பாட்டி எந்தக் கப்பலில், எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று ஆவணக் காப்பகங்களில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘தொழிலாளர்’, ‘இந்தியக் குடியேற்றம்’ என்ற தலைப்புகளில் மட்டும் தேடி நிறுத்திவிட வேண்டாம். பழைய கோப்புகள் இந்தச் சொல்லின் கீழும் இருக்கும். ஆங்கிலத்தில் அதை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள்: கடைசியில் ‘ஐ, இ’ என்ற இரண்டு எழுத்துகளோடு ஒன்று, ‘ஒய்’ என்ற ஓரெழுத்தோடு இன்னொன்று. இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும்.