நூறு கலம் நெல்லும் ஒரு தடவை நல்கையும்

தஞ்சைப் பெரிய கோயில் சுவர்ல ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்ல இருந்து வரவழைச்சுக் குடிவைத்து, ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று பங்கு எழுதி வைத்தான். நட்டுவம், மேளம், பாட்டு எல்லாத்துக்கும் பங்கு உண்டு. பங்குக்காரர் இறந்தால் நெருங்கின உறவு அதை வாங்கிக்கிட்டு வேலையைச் செய்யணும். தகுதி இல்லேன்னா தகுதியான ஆளை வைக்கணும். நெல்லு போடுற நமக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும். ஆட்டத்துக்குப் பின்னாடி வயல் இருந்துச்சு.

சின்னக் கோயில்களிலும் மேளத்துக்கு மானியம்னு நிலம் விட்டிருந்தாங்க. 1963-ல் வந்த சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அந்த நிலங்களை ரயத்துவாரிக்குக் கொண்டுவந்தது. மானியமே இல்லாத தெருக்கூத்துக்கு ஊர்தான் படியளந்தது. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு, பாரதக் கூத்து நடத்தினோம்.

இப்போ வேற ஒரு வழி வந்திருக்கு. பெங்களூரில் 1993-ல் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்று ஒரு அறக்கட்டளை தொடங்கினாங்க. லாபத்துக்கு நடத்துறது இல்லை. நன்கொடை திரட்டி, 1995-லிருந்து கலை வேலைகளுக்கு நல்கை கொடுக்கறாங்க. என்ன செய்யப்போறோம், எவ்வளவு செலவாகும்னு எழுதிக் கொடுக்கணும். பரிசீலித்துப் பணம் தருவாங்க.

அதுல மூணு வேலை எனக்குப் பிடிச்சது. 'புராஜெக்ட் 560': பெங்களூரு பின்கோடின் முதல் மூணு எண்தான் பேரு. அந்த நகரத்துத் தெரு, பேட்டை, அங்க வாழுற சனங்களை வைத்துக் கலை செய்யறவங்களுக்கு உதவி. 'கலி கலிசு': கன்னடத்துல 'கத்துக்கோ, கத்துக்கொடு'ன்னு அர்த்தம். கர்நாடக அரசுப் பள்ளி வாத்தியார்கள் அந்தந்த ஊர்க் கலையை வகுப்புக்குள்ள கொண்டுவர நல்கை. மூணாவது நம்ம பக்கத்துச் சேதி: திரௌபதி அம்மன் திருவிழாவையும் கூத்தையும் பற்றி சசிகாந்த் அனந்தாச்சாரி எடுத்த படத்துக்கும் இவங்க உதவியிருக்காங்க.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். சோழன் கொடுத்த பங்கு தலைமுறைக்கும் ஓடற வாய்க்கால். நல்கை ஒரு வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. அது விதைநெல் மாதிரி. விதைநெல்லை யார் வேணும்னாலும் கொடுக்கலாம், தண்ணி கட்ட வேண்டியது நிலத்துக்காரன்.

எங்க ஊர்ல இப்போ வரி வசூல் இழுபறியா இருக்கு. கூத்து நாளும் குறைஞ்சுக்கிட்டே வருது. "எவனாவது பணம் கொடுத்தா வைக்கலாம்"னு பேச்சு வருது. படம் எடுக்க, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வெளியிலிருந்து உதவி வந்தா கைநீட்டி வாங்குவோம், தப்பில்லை. விடிய விடிய ஆடுறவருக்கு அந்த ராத்திரிக் கூலியை மட்டும் ஊர்தான் கொடுக்கணும். கொடுக்கிறவன்தான் முன்வரிசையில உட்கார்ந்து பார்ப்பான். பார்க்க ஆள் இல்லாத கூத்தை எந்த நல்கையும் காப்பாத்தாது.