தொட்டால் திறக்க வேணும்

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் அம்மாக்களின் கைகளில் ஒரு கோப்பு இருக்கும்: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஆணைக்குழுக்கள் கொடுத்த இலக்கங்கள், மங்கிப்போன புகைப்படம். இந்த விபரங்களைக் கேள்வி கேள்வியாகக் கேட்டுச் சேமிக்கும் சிறிய பைத்தன் நிரல் ஒன்றை எழுதினேன். கறுப்புத் திரையில் கேள்வி வரும். பதிலைத் தட்டி என்டரை அழுத்தினால் அடுத்த கேள்வி.

என் கணினியில் நன்றாக ஓடியது. அவர்களிடம் இருந்த மடிக்கணினியில் பைத்தனே இல்லை. "பிள்ளை, தொட்டால் திறக்க வேணும். மற்றதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்றார் ஓர் அம்மா.

பைஇன்ஸ்டோலர் என்ற இலவசக் கருவி இதற்கு உதவும். நிரலையும் அதை ஓட்டும் பைத்தனையும் சேர்த்து, இருமுறை சொடுக்கினால் திறக்கும் எக்ஸ்ஈ கோப்பாகக் கட்டித் தரும். விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலேயே கட்ட வேண்டும். 'ஒன்ஃபைல்' தெரிவைக் கொடுத்தால் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும், பென்டிரைவில் கொண்டுபோகலாம். கறுப்புத் திரையை மறைக்கும் 'விண்டோட்' தெரிவைக் கொடுக்கக் கூடாது. திரை இல்லாவிட்டால் கேள்வியும் இல்லை.

முதல் நாள் மூன்று குடும்பங்களின் விபரங்களைப் பதிந்தார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பிழை என்னுடையது. ஒன்ஃபைல் கோப்பு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் தன்னை விரித்துக்கொள்ளும். மூடும்போது அந்தக் கோப்புறையை அழித்துவிடும். 'நிரல் இருக்கும் இடத்தில் சேமி' என்று நான் எழுதியிருந்தேன். நிரல் இருந்த இடமோ அந்தத் தற்காலிகக் கோப்புறை. ஒவ்வோர் அலுவலகமாக ஏறி ஒரே கதையைச் சொல்லிவந்தவர்களிடம், இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இப்போது 'சிஸ் டொட் எக்ஸிகியூட்டபிள்' காட்டும் இடத்தில், அதாவது எக்ஸ்ஈ கோப்பு உண்மையில் இருக்கும் கோப்புறையில், பதிவு சேர்கிறது. ஒவ்வொரு பதிலும் உடனுக்குடன் எழுதப்படுவதால் கரண்ட் போனாலும் முந்தியவை தப்பும். கடைசிக் கேள்வி முடிந்ததும் திரை சட்டென்று மறைந்துவிடுவதால் சேமித்ததா இல்லையா என்று தவித்தார்கள். ஆகவே முடிவில் 'சேமித்தாயிற்று, என்டரை அழுத்துங்கள்' என்று கேட்டுக் காத்திருக்கும்படி மாற்றினேன். அவர்களுடைய பழைய விண்டோஸின் கறுப்புத் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியாததால், குறுஞ்செய்தி அனுப்புவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழ்.

கையொப்பமிடாத எக்ஸ்ஈ என்பதால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டலாம், வைரஸ் தடுப்பான் தூக்கி எறியவும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நேரில் வாங்கிய கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ஈயாகக் கட்டினால் பூட்டிவிட்டதாக அர்த்தமில்லை. பதிவுக் கோப்பை யாரும் திறந்து வாசிக்கலாம். யார் வந்தது, என்ன எழுதினது என்று விசாரிக்க ஆட்கள் வரும் ஊர்களில் இது சின்ன விடயமல்ல. பென்டிரைவை வெராகிரிப்ட்டால் குறியாக்கம் செய்து கொடுத்தேன். கடவுச்சொல்லை அம்மாவே தெரிவுசெய்தார், எனக்குச் சொல்லவில்லை.