பெர்ன்ஹில்

நீலகிரி மாவட்டத்தின் தலைநகரான உதகமண்டலம் என்னும் ஊட்டியின் தென்புறச் சரிவுகளில் அமைந்த பகுதி பெர்ன்ஹில். ஊட்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தின் குளிரும் மூடுபனியும் பெர்ன்ஹில்லுக்கும் உண்டு. தாவரவியல் பூங்காவும் ஏரியும் பார்த்துவிட்டு அன்று மாலையே கீழிறங்கும் கூட்டம் பெரும்பாலும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இங்குள்ள அரண்மனை, ரயில் நிலையம், குருகுலம், ஆராய்ச்சி நிலையங்கள் எதுவும் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்காக வந்தது. பார்வையாளர் பின்னால் வந்தார்கள். ஊட்டியின் மற்ற பகுதிகளிலிருந்து பெர்ன்ஹில்லைப் பிரித்துக் காட்டுவது இதுவே.

முதலில் இது தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. மேடுகளில் புல், பள்ளங்களில் சோலைக்காடு என்பதே இம்மலையின் பழைய முகம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் மைசூர் அரசின் கீழிருந்த நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1820-களில் ஊட்டியில் அவருடைய கல் பங்களாவும் ஏரியும் உருவாயின. பிறகு வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அப்படி எழுந்த ஒன்றுதான் கேப்டன் எஃப். காட்டன் 1844-இல் கட்டிய பெர்ன்ஹில் பங்களா. நீலகிரியின் வெலிங்டனில் 1843-இல் யூகலிப்டஸ் கன்றுகளை நட்டவராக வன வரலாறு குறிப்பிடுவதும் ஒரு கேப்டன் காட்டனைத்தான். மலைமக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் அந்த மரமும், அடுத்து வந்த சீகை மரமும் புல்வெளிகளின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. ஊட்டி என்றதும் பலர் மனத்தில் தோன்றும் அந்த நெடுமரக்காடு இருநூறு ஆண்டுகூட ஆகாத புதுவரவு. கடைகளில் விற்கும் நீலகிரித் தைலமும் அப்படியே.

பங்களா பல கைகள் மாறி, 1873-இல் மைசூர் அரச குடும்பத்துக்கு வந்தது. விலை பத்தாயிரம் ரூபாய் என்று அரண்மனை வரலாறு சொல்கிறது. மைசூர் போரில் இழந்த மலையில் அதன் அரச குடும்பத்தினரான உடையார்கள் காசு கொடுத்து ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டியிருந்தது! பங்களா விரிந்து கோடைக்கால அரண்மனை ஆயிற்று. சுவிட்சர்லாந்து மலைவீடுகளின் சாயல், கூரை விளிம்பில் செதுக்கிய மரப்பலகைகள், வார்ப்பிரும்பு அலங்காரம், சிவப்புச் சுவர்கள் என்று இருக்கும் இந்தக் கட்டடத்தில் மைசூர் அரண்மனையின் சாயலைத் தேடினால் கிடைக்காது. நடனக்கூடத்தின் விதானம் காகிதக்கூழால் செய்த வேலைப்பாடு; ஈரம் ஊறும் மலையில் இப்படியொரு பொருளைத் தேர்ந்தெடுத்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். சுவர்களில் ஊட்டி வேட்டைக் குழுவின் பழைய படங்கள் தொங்கும். இங்கிலாந்தில் நரியைத் துரத்திய துரைமார் இங்கே வென்லாக் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்திப் பழைய ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். குதிரை, நாய்கள், சிவப்புக் கோட்டு என்று மற்றச் சடங்குகளில் குறைவில்லை.

மைசூர் அரச குடும்பத்தின் ஜெயசாமராஜ உடையார் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தார். ஊட்டியில் ஆளுநருக்கு ராஜ்பவன் உண்டு. இவருக்கோ அதே ஊரில் குடும்ப அரண்மனையும் இருந்தது. பிற்காலத்தில் அரண்மனை தங்கும் விடுதியாக மாறியது.

மலை ரயிலின் வரலாற்றில் பெர்ன்ஹில்லுக்கு ஒரே ஒரு மாதப் பெருமை உண்டு. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. குன்னூருக்கு மேலே பாதை நீண்டபோது 1908 செப்டம்பர் 15 அன்று பெர்ன்ஹில் வரைதான் வண்டி வந்தது. அக்டோபர் 15 அன்று ஊட்டியைத் தொட்டது. அந்த ஒரு மாதம் நீலகிரி ரயிலின் கடைசி நிலையம் இதுவே. இன்று நிலையம் மூடப்பட்டுவிட்டது. 46 கிலோமீட்டர் பயணத்தில் 208 வளைவுகளையும் 16 சுரங்கங்களையும் கடந்து, 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறிவரும் வண்டி, லவ்டேலைத் தாண்டியதும் பெர்ன்ஹில்லில் நிற்காமல் ஊட்டிக்குப் போய்விடுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பகுதியில்தான் எஞ்சின் பல்சக்கரத்தால் பற்றி ஏறும். அதற்கு மேல் சாதாரணத் தண்டவாளமே போதும். 2005-இல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ரயில் பார்க்க வருபவர்கள் கேத்தி நிலையத்தையும் தேடிப்போகிறார்கள். ‘மூன்றாம் பிறை’ படத்தின் இறுதிக்காட்சி எடுத்த இடம் அது.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்த ஊரின் பெயர் அறிமுகமானது அரண்மனையாலோ ரயிலாலோ அல்ல, குருகுலத்தால். நாராயண குருவின் மாணவரான நடராஜ குரு 1923-இல் நீலகிரியில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். இவர் மருத்துவரும் ஈழவ சமூக உரிமைக்காகப் போராடியவருமான டாக்டர் பல்புவின் மகன். பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சாதி வேறுபாட்டுக்கு எதிராக நின்ற துறவியான நாராயண குருவின் தத்துவத்தை மேலை நாட்டு அறிவுத்துறைகளோடு உரையாட வைப்பது அவர் மேற்கொண்ட பணி. அவருக்குப் பின் குருகுலத்தை நடத்திய நித்ய சைதன்ய யதி இங்கேயே வாழ்ந்து, 1999 மே 14 அன்று இங்கேயே மறைந்தார். வேதாந்தம், உளவியல், அழகியல் என அவர் எழுதியவை ஏராளம். எழுத்தாளர் ஜெயமோகன் அவரைத் தம் ஆசிரியராகக் கொண்டவர். யதியின் பெயரில் இலக்கியக் கூடுகைகளையும் ஊட்டியில் நடத்தியிருக்கிறார். மலையாளிகள் நிறுவிய ஒரு துறவு மடம் தற்காலத் தமிழிலக்கியத்தில் இவ்வளவு ஆழமாகத் தடம் பதித்ததற்கு வேறு உதாரணம் எளிதில் கிடைக்காது. குருகுலம் காட்சிக்கூடமன்று, தத்துவத்தில் நாட்டமுள்ளவர்கள் அமைதியாகப் போய்வர வேண்டிய இடம்.

விடுதலைக்குப் பின் வந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் விளைய வேண்டுமென்று சரிவுகளைக் கொத்தியதில் மழைக்காலந்தோறும் மேல்மண் ஆற்றோடு போயிற்று. அதைத் தடுக்கும் வழி தேட மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954-இல் வந்தது. சற்றுத் தொலைவிலுள்ள முத்தொரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட நூற்புழு, கிழங்கு விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. அதைத் தாங்கி விளையும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் இம்மலைக்கென்றே 1980-களில் வெளியிடப்பட்டது.

முத்தொரையின் இன்னொரு சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி கிடக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் அமைக்கப்பட்டது. இடத்தேர்வில்தான் இதன் சாமர்த்தியம் இருக்கிறது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. மலைச்சரிவும் அதே 11 டிகிரி. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். வேறு நாடுகள் பெருஞ்செலவில் செய்யும் வேலையின் ஒரு பங்கை இங்கே மலையே செய்கிறது. அதே வழியில் முத்தொரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் வாழ்க்கைப் பொருள்களை அதன் அருங்காட்சியகத்தில் காணலாம். ஊட்டிக்கு வந்தவர் ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடியுமென்றால் படகு சவாரியைவிட இதற்கே ஒதுக்கலாம்.

முழுக்கப் பார்வையாளருக்காகவே வடிவமைத்தது ஒன்றுதான். அதுவும் மைசூரின் மிச்சம். அரச குடும்பத்திடமிருந்து கர்நாடகத் தோட்டக்கலைத் துறைக்கு வந்த சுமார் 38 ஏக்கர் நிலம், அண்மை ஆண்டுகளில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மலையில் கர்நாடக அரசு நடத்தும் இந்தத் தோட்டத்தை உள்ளூரில் கர்நாடகா பூங்கா என்பார்கள். தொங்குபாலமும் அடுக்கடுக்கான மலர்ப்பாத்திகளும் இருக்கின்றன. மே மாதத்தில் தாவரவியல் பூங்காவின் மலர்க்காட்சிக்குப் போய் நெரிபடுவதைவிட இங்கே மூச்சுவிட இடம் அதிகம்.

ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சாலைகளில் மண் சரியும். டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியில் வெளுத்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே சீசனில் வருபவர்கள் அறையைப் பதிவு செய்யும்போதே இ-பாஸையும் எடுத்துக்கொள்வது நல்லது.