மட்டையும் துடுப்பும்

கிரிக்கெட்டில் பந்தை அடிக்கும் கருவிக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். தமிழ்நாட்டில் மட்டை, ஈழத்தில் துடுப்பு. இங்கே மட்டைப்பந்து என்று எழுதுகிறோம், அங்கே துடுப்பாட்டம் என்கிறார்கள். இரண்டும் இந்த ஆட்டத்துக்காகப் புதிதாகச் செய்த சொற்கள் அல்ல. வேறு பொருள்களுக்கு முன்பே வழங்கிய பெயர்கள். அந்தப் பொருள்கள் இரண்டும் இன்றும் அன்றாடம் கையில் புழங்கும் மண் தர்மபுரி.

தென்னை, பனை ஓலையின் தண்டுதான் மட்டை. மரத்தைத் தழுவியிருக்கும் அடிப்பகுதி அகன்று சற்றே வளைந்திருக்கும், போகப்போக ஒடுங்கும். பாலக்கோட்டுப் பக்கத்துத் தோப்புகளில் காய்ந்து விழுந்த தென்னமட்டையை எடுத்து, ஒடுங்கிய பக்கத்தைக் கைக்கு அடங்கச் சீவினால் பிள்ளைகளுக்கு பேட் தயார். பனைமட்டை இதற்கு ஆகாது. ஓரமெல்லாம் கருக்கு, கையைக் கிழித்துவிடும்.

துடுப்புக்கு இங்கே இரண்டு வேலை. ஒகேனக்கல்லில் காவிரியின் சுழலுக்குள் பரிசலைத் திருப்புவது துடுப்பு. அடுப்படியில் கேழ்வரகுக் களியைக் கட்டி தட்டாமல் கிண்டுவதும் துடுப்பு. நீண்ட கம்பு, முனையில் தட்டையான முகம்: பெயர் இந்த வடிவத்துக்கு உரியது, வேலைக்கு அல்ல.

இனி, கிரிக்கெட் மட்டையின் வடிவம் உருவான இங்கிலாந்து. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே பந்தைத் தரையோடு உருட்டித்தான் விட்டார்கள். அதை வாரி அடிக்க அடிமுனை வளைந்த கனத்த கோல் போதுமாயிருந்தது. கிரிக்கெட் என்ற பெயரே கோலைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. பந்தைத் தரையில் குத்தி எழும்படி எறியத் தொடங்கிய பிறகு வளைவு மறைந்தது, முகம் நேரானது. 1771இல் தாமஸ் வைட் என்பவர் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றார். அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அதன் பிறகு வந்தது. இன்றும் அதுவே சட்டம். அந்தக் காலத்தில் மட்டை ஒரே மரத்துண்டு. தென்னமட்டையைப் போலவே பிடி வேறு, முகம் வேறு என்று பிரியாதது.

19ஆம் நூற்றாண்டுதான் அதைப் பிரித்தது. தோள் உயரம்வரை கையைத் தூக்கிப் பந்து வீசலாம் என்று 1835இல் விதி இளகியது. 1864இல் தோளுக்கு மேலேயும் கை போகலாம் என்றானது. வேகம் கூடக்கூட, பந்து பட்ட அதிர்வு நேரே உள்ளங்கைக்கு ஏறியது; பிடிகள் முறிந்தன. தீர்வு கிழக்கிலிருந்து போன பிரம்பில் கிடைத்தது. வளைந்து கொடுக்கும் பிரம்பைப் பிடியாக்கி, வில்லோ மரத்து முகத்துக்குள் ஆப்பு வடிவில் செருகிப் பசையிட்டு, நூல் சுற்றி இறுக்கினார்கள். இன்றைய மட்டை இந்த இணைப்பின் வாரிசு. ஆட்டத்தின் வரலாற்றில் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்கள் நிற்கின்றன. பிரம்பை வெட்டிக் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இனி நம் பக்கம். கொழும்பில் 1832லும் சென்னையில் 1846லும் வெள்ளையர்கள் தங்களுக்கென்று கிரிக்கெட் மன்றங்களை அமைத்துக்கொண்டார்கள். சென்னை மன்றத்தில் இந்தியருக்கு இடமில்லை. அந்தக் கதவு திறக்கட்டும் என்று காத்திராமல், 1888இல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஆட்டக்காரர்களை வளர்த்தார். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது மிகையே இல்லை.

புச்சி பாபுவின் ஆட்கள் பிடித்தது பிரம்புப் பிடி செருகிய மட்டை. வடிவத்தை வைத்துப் பார்த்தால் கம்பும் முகமுமான அதற்குத் துடுப்பு என்ற பெயரே நெருக்கம். மட்டை என்பது அதற்கு முந்திய ஒற்றை மரத்துக்குப் பொருந்தும். ஆனாலும் ஈழத்துச் சொல்லை இரவல் என்று ஒதுக்குவதும் நம் சொல்லைக் கொச்சை என்று தள்ளுவதும் எனக்கு ஒப்பாது. நம் செய்தித்தாள்களில் மட்டையாளர் என்ற சொல் ஊன்றிவிட்டது. பக்கத்திலேயே துடுப்பாட்டமும் இடம்பெறட்டும். பரிசல் ஓட்டியும் களி கிண்டியும் பழகிய தர்மபுரி வாசகருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.